பழைய எல்200 டபுள் கெப்பை 4 அங்குலம் உயர்த்தலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: 1994ஆம் ஆண்டு மிட்சுபிஷி எல்200 டபுள் கெப், ஃபோர் வீல், 4டி56 டீசல் இன்ஜின். வீடு வெள்ளவத்தையில், தேயிலைக் காணி மஸ்கெலியாப் பக்கம். தோட்டப் பாதையில் வாகனத்தின் அடி தட்டுகிறது, மழைக்காலத்தில் கொழும்பிலும் தண்ணீருக்குள் ஓட வேண்டி வருகிறது. அதனால் வாகனத்தை உயர்த்தும் 4 அங்குல லிஃப்ட் கிட்டும் 31 அங்குல டயரும் போடலாமா என்று கேட்கிறீர்கள். உயரத்தைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு வேண்டியது அடி தட்டாமல் காணிக்குப் போய், பாரத்தோடு கினிகத்தேனை வளைவுகளில் பத்திரமாக இறங்கி வீட்டுக்கு வருவது. இந்த வகைக் கெப்களின் சஸ்பென்ஷன் வேலையைக் கொழும்பில் பல வருடங்களாகச் செய்துவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: 4 அங்குலம் வேண்டாம். முதலில் வாகனம் இழந்த உயரத்தை மீட்டெடுங்கள். அதற்குப் பிறகும் போதாது என்றால் முன்னால் ஒன்றரை அங்குலம், பின்னால் 2 அங்குலம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இழந்த உயரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் வாகனத்துக்கு 30 வயது தாண்டிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் இந்தப் பழைய கெப்களை யாரும் கைவிடவில்லை, பாரமும் குறைக்கவில்லை. பின் ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து நேராகி, சிலவற்றில் எதிர்ப்பக்கமாகக்கூட வளைந்திருக்கும். முன்னாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கும். லிஃப்ட் வேண்டும் என்று வரும் பழைய கெப்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் இருந்து வந்த உயரத்திலேயே இல்லை. ஆகவே காசு கொடுப்பதற்கு முன் ஒரு டேப்பை எடுங்கள். சமதளத்தில் வாகனத்தை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்பு வரை நான்கு சக்கரத்திலும் அளந்து எழுதுங்கள். தரையில் இருந்து அளக்க வேண்டாம், டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பிவிடும். இடது வலது 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது ஒரு பட்டை உடைந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே கிட் போட்டால் கோணல் அப்படியே உயரும்.

அடுத்து, லிஃப்ட் கிட் எதை உயர்த்துகிறது, எதை உயர்த்தாது என்பதில் தெளிவு வேண்டும். சஸ்பென்ஷன் லிஃப்ட் செசி என்ற அடிச்சட்டத்தையும் அதன் மேலிருக்கும் பொடியையும் உயர்த்தும். பின் அச்சு, அதன் நடுவில் இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப் (டிஃபரென்ஷியல்) உருண்டை, இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். டிஃப்புக்கும் தரைக்கும் இடையில் உள்ள இடைவெளியைக் கூட்டுவது டயர் மட்டுமே, அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதி. உங்களிடம் இப்போது இருப்பது 235/75 ஆர்15 என்றால் அதன் விட்டம் ஏறத்தாழ 733 மி.மீ. 31 அங்குலம் என்றால் 787. வித்தியாசம் 54, டிஃப்புக்குக் கிடைப்பது 27 மி.மீ. அவ்வளவுதான். அதனால் உங்கள் வாகனத்தில் தட்டுவது எந்த இடம் என்று முதலில் பாருங்கள். கீழே படுத்துப் பார்த்தால் கீறல் சொல்லிவிடும். நடுச் செசி, படி, டேங்க் என்றால் சஸ்பென்ஷன் லிஃப்ட் உதவும். டிஃப் என்றால் 4 அங்குலக் கிட் போட்டாலும் அந்தத் தட்டல் போகாது. தோட்டப் பாதைகளில் லொறிச் சக்கரம் வெட்டிய தடங்களுக்கு நடுவே மேடு நிற்கும், அதில் மோதுவது அநேகமாக டிஃப்தான். ஒரு சக்கரத்தை நடு மேட்டிலும் மறுசக்கரத்தைத் தடத்தின் வெளிக்கரையிலும் வைத்து ஓட்டப் பழகினால் எந்தக் கிட்டும் தராத இடைவெளி அங்கே கிடைக்கும்.

முன்பக்கம்தான் உங்கள் மாடலில் கவனம் தேவைப்படும் இடம். அந்தக் கால ஹைலக்ஸ் எல்என்106 போல இதில் முன்னால் முழு அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் கிடையாது. எல்200இல் இரண்டு சக்கரமும் தனித்தனியாக இயங்கும், ஸ்பிரிங் வேலையைச் செய்வது டோர்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. அதன் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கையான சஸ்பென்ஷன் ஆமில், மறுமுனை செசியில் ஒரு நங்கூரத்தில். அந்த நங்கூரத்தில் உள்ள நீளமான போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் உயரும். இதைத்தான் பல இடங்களில் அரை மணித்தியாலத்தில் செய்துவிட்டு லிஃப்ட் என்று காசு வாங்குகிறார்கள். போல்ட்டை இறுக்குவதால் கம்பி கடினமாகாது, அதன் பலமும் கூடாது. சக்கரம் மேலும் கீழும் அசையும் மொத்த தூரமும் கூடாது. அந்த மொத்த தூரத்துக்குள் வாகனம் நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது: மேலே போக இடம் கூடும், கீழே தொங்க இடம் குறையும். அளவுக்கு மீறி இறுக்கிய கெப் ஒரு சின்னக் குழியில் இறங்கும்போது முன்னால் 'டக்' என்று இரும்புச் சத்தம் கேட்கும். ஸ்பிரிங் கடினமாகிவிட்டது என்று ஆட்கள் நினைப்பார்கள். உண்மையில் அந்தச் சஸ்பென்ஷன் ஆம் கீழ்ப்பக்க ரப்பர் ஸ்டொப்பில் போய் அடிக்கிறது.

இதை அளக்க ஒரு எளிய வழி உண்டு. நிற்கும் உயரத்தை மட்கார்ட் வரை அளந்தீர்களே, அதே அளவை முன் செசியை ஜக்கில் தூக்கி, சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் மறுபடி எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சக்கரம் கீழே தொங்க மிச்சமிருக்கும் தூரம். அது 50 மி.மீ.க்குக் கீழே போனால் நான் அதற்கு மேல் ஒரு சுற்றும் இறுக்கமாட்டேன். தளராத வாகனத்தில் 40 மி.மீ. உயர்த்துவதே இந்த வகைச் சஸ்பென்ஷனுக்கு எல்லை. அதைத் தாண்டினால் முன் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டான சிவி ஜொயின்ட் செங்குத்தான கோணத்தில் சுழலும், ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும், சேறும் தண்ணீரும் உள்ளே போகும். சஸ்பென்ஷன் ஆம் சக்கரத்தோடு சேரும் மூட்டான போல் ஜொயின்ட்டும் அதன் எல்லைக் கோணத்திலேயே நின்று சீக்கிரம் தேயும். முன் டிஃப்பைக் கொஞ்சம் கீழே இறக்கும் டிஃப் டிரொப் துண்டுகளும், கோணம் திருத்திய மேல் ஆம்களும் சில மாடல்களுக்கு விற்பனையில் உண்டு. அவை கோணத்தை ஓரளவு திருத்தும். டிஃப்பை இறக்கினால் கிடைத்த இடைவெளியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இறுக்கும் வேலையைச் செய்பவருக்கு ஒரு வார்த்தை. சக்கரம் தரையில் இருக்கும்போது அந்தப் போல்ட்டைத் திருக வேண்டாம். செசியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவில் திருகி, பிறகு இறக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டி, சஸ்பென்ஷன் படிந்த பிறகே அளக்க வேண்டும். இடது கம்பியும் வலது கம்பியும் ஒன்றல்ல, முனையில் அடையாளம் இருக்கும். மாற்றிப் போட்டால் உடையலாம். முறுக்கிய கம்பியில் தேங்கியிருக்கும் சக்தி பெரியது, அந்த போல்ட் கழன்றால் தெறிக்கும் திசையில் முகத்தை வைத்துக்கொண்டு யாரும் வேலை செய்யக்கூடாது.

பின்பக்கம் இதைவிட எளிது, ஆனால் குறுக்கு வழிகளும் அங்கேதான் அதிகம். நல்ல வழி, வளைவு கூடிய புதிய ஸ்பிரிங் பட்டைத் தொகுதி ஒன்று. ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் போன்ற அவுஸ்திரேலிய நிறுவனங்கள் பழைய கெப்களுக்கும் செய்கின்றன. வாங்கும்போது எத்தனை அங்குலம் என்பதற்கு முன் நிரந்தரப் பாரம் எவ்வளவு என்று சொல்லுங்கள். வெறும் பெட்டோடு (பாரம் ஏற்றும் பின்தட்டு) ஓடும் வாகனத்துக்கு 300 கிலோ நிரந்தரப் பாரத்துக்கான பட்டை போட்டால் தோட்டப் பாதையில் முதுகு தாங்காது. பழைய பட்டைகளைக் கழற்றிக் குளிர்நிலையில் அடித்து வளைத்துத் தரும் வேலை கொழும்பில் மலிவாக நடக்கிறது. புதுப்பித்த அன்று அழகாக நிற்கும், சில மாதப் பாரத்தில் மறுபடி இறங்கிவிடும். உருக்கைச் சரியாகச் சூடாக்கிப் பதப்படுத்தும் வசதி உள்ள இடத்தில் செய்தால் அது வேறு கதை. ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் செசியோடு இணைக்கும் ஷெக்கலை நீளமாகப் போட்டால் கூட்டிய நீளத்தில் ஏறத்தாழப் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். 2 அங்குலத்துக்கு 4 அங்குலம் நீளமான ஷெக்கல் வேண்டும், வாகனம் பக்கவாட்டில் ஆடும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது பின்னால் ஒரு அங்குலம் வரை, ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ-போல்ட் சரியான நீளத்தில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கட்டைக்கு மேல் கட்டை ஒருபோதும் வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் யூ-போல்ட் புதியதாக இருக்க வேண்டும். ஒரு முறை இழுத்து இறுக்கிய யூ-போல்ட் நீண்டுவிடும், இரண்டாம் முறை அதே பிடிப்பைத் தராது. ஸ்பிரிங்கின் நடு போல்ட்டின் தலை அச்சில் உள்ள துளைக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்களைக் கடைசியாக இறுக்குவது வாகனம் தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போது மட்டும். அந்தரத்தில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று, கொஞ்ச நாளில் கிழிந்துவிடும்.

சரி, இனி பிரேக். லிஃப்ட் போடுகிறவர்களில் பலர் தொடாமல் விடும் இடம் இது, உங்கள் பயணத்துக்கு மிக முக்கியமானதும் இதுதான். பழைய கெப்களில் பெரும்பாலானவற்றில் பின் அச்சுக்கு மேலே செசியில் ஒரு வால்வ் இருக்கும், அதில் இருந்து ஒரு மெல்லிய கம்பியோ சுருளோ அச்சுக்கு இறங்கும். கராஜில் எல்எஸ்பி வால்வ் என்பார்கள். பெட்டில் பாரம் ஏறினால் செசி அச்சை நோக்கி இறங்கும், அந்தக் கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடுதலாகப் போகும். வெறும் பெட்டோடு ஓடும்போது பின் சக்கரம் பிரேக்கில் பூட்டி வழுக்காமல் இருக்க அழுத்தம் குறைக்கப்படும். இப்போது நீங்கள் பின்னால் 50 மி.மீ. உயர்த்திவிட்டு இந்தக் கம்பியை அப்படியே விட்டால், பெட் நிறையப் பாரம் இருந்தாலும் வால்வுக்கு அது தெரியாது. எப்போதும் வெறும் வாகனம் என்றே நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துக்கொண்டே இருக்கும். கொழும்பு வீதியில் இது தெரியவே தெரியாது. ஹட்டனில் இருந்து அவிசாவளைப் பக்கம் பாரத்தோடு இறங்கும்போது முழு வேலையும் முன் பிரேக்கின் தலையில் விழும், பேட் சூடாகும், நாற்றம் வரும், மிதி ஆழமாகப் போகும். தீர்வு சின்னது: அந்தக் கம்பி அச்சில் பிடிக்கும் இடத்தை, உயர்த்திய அதே அளவுக்கு ஒரு பிரெக்கட் வைத்து உயர்த்த வேண்டும். அதன் பிறகு வெறும் பெட்டோடும் பாரத்தோடும், ஆளில்லாத பாதையில் குறைந்த வேகத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கம்பியைக் கழற்றி வால்வைக் கட்டிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அதோடு செசியில் இருந்து பின் அச்சுக்குப் போகும் பிரேக் ரப்பர் ஹோஸையும் பாருங்கள். அச்சு முழுதாகத் தொங்கும் நிலையில் அது இழுபட்டு நிற்கக்கூடாது. 30 வருட ஹோஸ் என்றால் நீளமானதாகப் புதிதாகவே போட்டுவிடுங்கள். ஷொக் அப்சோபரும் அப்படித்தான். உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் வேண்டும். பழைய நீளத்திலேயே விட்டால் அச்சு தொங்கும்போது ஷொக்கே அதைப் பிடித்து நிறுத்தும் கயிறாகிவிடும், உள்ளே கழன்றுபோகும். புரோப்பெலர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடு பெயாரிங்கின் கோணம் மாறும். கிளட்ச் விட்டு நகரும்போது அடியில் நடுக்கம் வந்தால் காரணம் அதுதான், பெயாரிங் தாங்கியின் கீழ் ஒரு துண்டு வைத்துச் சரிசெய்வார்கள். 2 அங்குலத்துக்குள் நின்றால் இந்தத் தொல்லைகள் வராமலே போகலாம். 4 அங்குலம் என்றால் எல்லாம் வரிசையாக வரும்.

31 அங்குல டயரைப் பற்றி: விட்டம் 7 சதவீதத்துக்கு மேல் கூடுவதால் மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 64இல் ஓடுவீர்கள். அதைவிடப் பெரிய விஷயம், டிஃப்பின் கியர் விகிதத்தை அதே அளவுக்கு மாற்றியது போலாகி, சக்கரத்தில் இழுவை குறைந்துவிடும். டேர்போ இல்லாத 2,477 சி.சி. 4டி56க்கு மேட்டில் ஏற்கெனவே மூச்சு வாங்கும், இரண்டாம் கியரில் ஏறிய இடத்தில் முதலாம் கியர் கேட்கும், கிளட்ச் தேயும். அகலமும் கூடுவதால் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்கார்டின் பின் விளிம்பில் உரசும். வெளியே தள்ளிய ரிம்மோ ஸ்பேசரோ போட்டு அதைத் தீர்க்க வேண்டாம், வீல் பெயாரிங்கும் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஸ்டீயரிங்கின் ஐட்லர் ஆமும் விலை கொடுக்கும். என் யோசனை, இப்போதுள்ள அளவிலேயே நல்ல ஓல் டெரெய்ன் டயர். மலையகத்துச் செம்மண் சேற்றில் உயரத்தைவிட டயரின் பூ அதிகம் உதவும்.

வெள்ளத்துக்காக உயர்த்த நினைப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2016 மே மாத வெள்ளத்தில் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கங்களில் நின்ற தண்ணீருக்கு 4 அங்குலம் ஒன்றும் இல்லை. தெருவில் தேங்கும் தண்ணீருக்கும் உயரத்தைவிட இரண்டு விஷயம் முக்கியம். இன்ஜின் காற்று இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது? டீசல் இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் கொனெக்டிங் ரொட் வளையும், லிஃப்ட் அதைத் தடுக்காது. மற்றது டிஃப்பின் பிரீதர், அதாவது உள்ளே இருக்கும் காற்று போய்வரும் துளை. ஓடிச் சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். பிரீதருக்கு ஒரு ஹோஸ் மாட்டி மேலே கொண்டுபோய்க் கட்டுங்கள், மிக மலிவான வேலை. முழங்காலுக்கு வந்த தண்ணீரில் ஓடியிருந்தால் டிஃப் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் வந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

இவ்வளவும் நிச்சயமாகச் சொல்லக்கூடியவை. நேரில் பார்க்காமல் சொல்ல முடியாத ஒன்று, உங்கள் செசியின் நிலை. வெள்ளவத்தையில் கடல் காற்றில் நிற்கும் வாகனம் என்பதால் எனக்குப் பயம் அங்கேதான். பின் ஸ்பிரிங் செசியில் பிடிக்கும் ஹேங்கர்களைச் சுற்றியும், டோர்ஷன் பார் நங்கூரம் உட்காரும் குறுக்குச் சட்டத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மந்தமான சத்தமோ செதில் செதிலாகக் கொட்டும் துருவோ இருந்தால் லிஃப்ட்டை மறந்து செசி வேலைக்குக் காசை வையுங்கள். பொடியைச் செசியில் இருந்து கட்டை வைத்து உயர்த்தும் பொடி லிஃப்ட்டை இந்த வயது வாகனத்துக்கு நான் எந்த நிலையிலும் சொல்லமாட்டேன்.

புஷ், போல் ஜொயின்ட், சிவி பூட், யூ-போல்ட் எல்லாம் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடலாம். ஆனால் பழைய வாகனத்தில் கழற்றிய டோர்ஷன் பாரும் பழைய ஸ்பிரிங் தொகுதியும் வாங்காதீர்கள், அவையும் உங்களுடையதைப் போலவே தளர்ந்தவை. வேலைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஸ்பிரிங் போல்ட்களில் துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் அடித்து வையுங்கள். ஸ்பிரிங்கின் முன் வளையத்தில் இருக்கும் போல்ட் புஷ்ஷின் உள் குழாயோடு ஒட்டியிருந்தால், வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கேஸ் டோர்ச்சைப் பிரேக் குழாய்க்கும் டேங்குக்கும் பக்கத்தில் கொண்டுபோக விடாதீர்கள். வேலை முடிந்த அன்றே எலைன்மெண்ட் பார்க்க வேண்டும், ஏனென்றால் கேம்பர், காஸ்டர், டோ என்ற சக்கரக் கோணங்கள் மூன்றும் மாறியிருக்கும். ஹெட்லைட்டையும் இறக்குங்கள், இல்லாவிட்டால் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும்.

சட்டப் பக்கத்துக்கு, 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும்தான் அடிப்படை. எத்தனை அங்குலம் வரை பரவாயில்லை என்று கராஜ்காரர் சொல்வதை நம்பி இறங்க வேண்டாம். நாரஹேன்பிட்டியில் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பதிவுப் புத்தகத்தைக் காட்டி, செய்யப்போகும் மாற்றத்தைச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுங்கள். வீடு அடுக்குமாடியில் என்றால் நிலக்கீழ்த் தரிப்பிடத்தின் உயரப் பலகையைப் பாருங்கள், கூரை ரெக்கோடு சேர்த்து. அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு போகிறவர் என்றால் 4 அங்குலம் உயர்ந்த படியில் அவர்கள் எப்படி ஏறுவார்கள் என்பதும் ஒரு கணக்கு. தெற்கு அதிவேகப் பாதையில் 100இல் போகும்போது உயர்ந்த வாகனம் பக்கக் காற்றுக்கு ஆடுவதை முதல் நாளிலேயே உணர்வீர்கள்.

கிட் போட்ட பிறகு முதல் 100 கிலோமீற்றரில் யூ-போல்ட்களை மறுபடி இறுக்குங்கள், 500இல் இன்னொரு முறை. டோர்ஷன் பார் கொஞ்சம் படியும், அப்போது உயரத்தையும் மறுபடி அளந்து இடது வலதைச் சமப்படுத்த வேண்டும். முதல் மஸ்கெலியாப் பயணத்தை வெறும் பெட்டோடு, பகலில், கிதுல்கல வழியாக வைத்துக்கொள்ளுங்கள். இறக்கம் முடிந்து நிறுத்தியதும், கையை ரிம்மில் வைக்காமல் அருகில் கொண்டுபோய் முன் பின் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். முன் சக்கரம் கொதித்து, பின் சக்கரம் சற்றும் சூடேறாமல் இருந்தால் எல்எஸ்பி பிரெக்கட்டை மறுபடி பார்க்க வேண்டும்.

நான்கு சக்கரத்தின் நிற்கும் உயரம், முன்னால் தூக்கி எடுத்த அளவு, வெறும் பெட்டில் பின் ஸ்பிரிங்கைப் பக்கத்தில் இருந்து எடுத்த ஒரு படம், அடியில் கீறல் பட்ட இடங்கள், இவ்வளவையும் கீழே போடுங்கள். ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதுமா, முன்னாலும் தொட வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.